வெட்டாமல் வெல்ல முடியுமா?

தாயம் என்றால் திண்டுக்கல் சமவெளியில் விளக்கம் தேவையில்லை. சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையே பரந்து கிடக்கும் இவ்வூர்களின் பழைய திண்ணைகளில் கரிக்கோட்டாலோ சுண்ணக்கட்டியாலோ போட்ட கட்டங்களை இன்றும் காணலாம். ஆட்டத்தின் விதிகள் ஊருக்கு ஊர் சற்றே வேறுபடும். ஆயினும் பெரும்பாலான ஊர்களில் மாறாதிருக்கும் விதி ஒன்று உண்டு. எதிராளியின் காய் ஒன்றையேனும் வெட்டாதவன், தன் காயை உள்கட்டத்திற்குள் ஏற்ற முடியாது. வெட்டிய பிறகே பழம். யாருக்கும் தீங்கிழைக்காமல் தன் பாதையிலேயே சுற்றி வருபவன், எத்தனை தாயம் விழுந்தாலும் வெளிவட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு சிரித்துக் களித்து ஆடும் ஆட்டத்தில் இத்தகைய விதி எப்படி நுழைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்றும் சிலர் கூறுவர். ஆனால், அமைதியை வளர்க்கவும் சமுதாயத்திற்குப் பயன்படவும் கூடிய வீடியோ விளையாட்டுகளை உருவாக்க இயலுமா என்று இன்று உலகின் பல பகுதிகளில் அறிஞரும் இளைஞரும் முயன்று வருகின்றனர். அம்முயற்சிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அக்கேள்விக்கான விடை நம் திண்ணைக் கட்டத்திலேயே கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டின் போதனை அதன்மேல் வரைந்த படத்திலோ எழுதிய பெயரிலோ இல்லை. யார் எப்போது வென்றவராகிறார் என்று சொல்லும் விதியில்தான் அது இருக்கிறது.

நம் ஆட்டங்கள் எல்லாமே வெட்டச் சொல்பவை அல்ல. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டிக் கொல்லும். ஆட்டிற்குக் கொல்லும் உரிமை கிடையாது. ஆயினும் ஆடுகள் வெல்ல முடியும். எவ்வாறு? தனித்து நிற்கும் ஆடே இரை. ஓர் ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலிக்குத் தாண்ட இடமில்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஒரு புலியையும் காயப்படுத்தாமல், மூன்றையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டம் ஆடுகளுக்கு. வன்முறையற்ற எதிர்ப்பு என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் பாடம் வேறொன்றை நான் படித்ததில்லை. இதனை வடித்தவர் யாரோ, எக்காலத்தவரோ, அவர் பெயரை வரலாறு பதிவு செய்யவில்லை.

பல்லாங்குழியின் கதை வேறு. பக்கத்திற்கு 7 ஆகப் 14 குழிகள்; எல்லாக் குழிகளிலும் சமமான முத்துகள். சமத்துவத்தில் தொடங்கும் ஆட்டம், ஒருவர் கை நிறைந்து மற்றவர் கை வெறுமையாவதில் முடிகிறது. தனிச்சொத்து தோன்றிய கதையின் சுவடுகளை இவ்வாட்டத்தில் கண்டு எழுதினார் பேராசிரியர் தொ. பரமசிவன். அவர் முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். ஓர் ஆட்டத்தை இலக்கியத்தைப் போலப் படிக்க முடியும் என்று காட்டினாரே, அது பெரிய காரியம்.

இவற்றுள், போதிப்பதற்கென்றே திட்டமிட்டு வடிக்கப்பட்டது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்கும் வைணவக் குடும்பங்கள் இதனை ஆடுவது வழக்கம். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குச் சென்றுவரும் நண்பர்களின் வீடுகளில் அந்தப் பழைய படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். கீழே மண்ணுலகம், மேலே பரமபதம். ஏணிகள் நற்பண்புகள், பாம்புகள் தீக்குணங்கள். உச்சியை எட்டும் தறுவாயில் வாய் பிளந்து நிற்கும் பெரும்பாம்பு ஒன்று, ஏறியவனை அடிமட்டத்திற்கே இறக்கிவிடும். ஆன்ம வாழ்வில் செருக்குற்றுக் கடைசிப் படியில் வழுக்கியவர்களை அறிந்த எவருக்கும் அந்தப் பாம்பு அயலானதன்று.

வட இந்தியாவிலும் இவ்வாட்டம் ஞான சௌபர் என்ற பெயரில் வழங்கியது. வைணவர்க்கு 72 கட்டங்கள் கொண்ட பலகை, சமணர்க்கு 84 கட்டங்கள் கொண்ட பலகை. சூபி நெறி சார்ந்த இசுலாமியரும் தமக்கென ஒன்று வைத்திருந்தனர். மராட்டியத்தின் ஞானேசுவரர் 13ஆம் நூற்றாண்டில் இதனை உருவாக்கினார் என்று பலரும் எழுதுவர். ஆனால் இன்று நமக்குக் கிடைத்துள்ள பழைய பலகைகள் 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவையே. எப்படியாயினும், ஒரே ஆட்டம் மூன்று சமயத்தார் கையில் மூன்று வீடுபேறுகளைச் சுட்டி நின்றது வியப்பிற்குரியது. பாம்பும் ஏணியும் எல்லோர்க்கும் பொதுவாக இருந்தன. உச்சிக் கட்டத்தின் பெயர் மட்டுமே வேறுபட்டது.

1890களில் இவ்வாட்டம் ஆங்கிலேயரோடு கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது. விக்டோரியா காலத்து வணிகர் அதற்குப் புத்தாடை அணிவித்தனர். சிக்கனமும் உழைப்பும் ஏணிகளாயின. சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்புகளாயின. வீடுபேறு இருந்த இடத்தில் உலகியல் வெற்றி வந்து அமர்ந்தது. இந்தியப் பலகைகளில் ஏணிகளைவிடப் பாம்புகள் மிகுதி; நன்னெறி கடினமானது என்பதை அந்த எண்ணிக்கையே உணர்த்தியது. இங்கிலாந்தில் இரண்டும் சமமாக்கப்பட்டன. பின்னர்ப் படங்களும் உதிர்ந்தன, பண்புகளின் பெயர்களும் உதிர்ந்தன, எண்களே எஞ்சின. அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே நீக்கிவிட்டுச் சிறுவர் பூங்காச் சறுக்கு மரத்தை வைத்தது. வைகுண்டத்திற்கு வழி காட்டிய பலகை ஐம்பதாண்டுகளுக்குள் சறுக்கு விளையாட்டாகிப் போனது.

ஒரு போதனை இவ்வளவு எளிதாக உதிர்ந்தது ஏன்? வணிகரைக் குறை கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பரமபதத்தின் உள்ளேயே ஒரு குறை இருந்தது என்பது என் கணிப்பு. அதில் ஆடுபவர் எதையும் தெரிவு செய்வதில்லை. கட்டை உருள்கிறது, காய் நகர்கிறது. ஈகை என்ற ஏணியில் ஏறியவர் யாருக்கும் எதையும் ஈந்தவரல்லர். பொய் என்ற பாம்பிடம் சிக்கியவர் ஒரு பொய்யும் சொன்னவரல்லர். நற்பண்பு என்பது, அறிந்தும் விரும்பியும் திரும்பத் திரும்பச் செய்யும் செயலால் ஆன்மாவில் ஊன்றும் பழக்கம் என்றே நம் அறநெறி இறையியல் கற்பிக்கிறது. தெரிவு இல்லாத இடத்தில் பண்பு பெயர்ப்பலகையாகவே இருக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றி எறிவது எளிது.

இதே குறை நம் திருச்சபைக்குள் பிறந்த ஓர் ஆட்டத்திலும் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வடபகுதியில் உள்ள கம்ப்ரே நகரில் விபோல்டு என்ற ஆயர் இருந்தார். குருக்கள் பகடை ஆடுவதைத் திருச்சபை பலமுறை தடை செய்தும் அவர்கள் விட்டபாடில்லை. ஆயர் மற்றுமொரு தடை விதிக்காமல், ஒரு பகடை ஆட்டத்தையே வடித்துக் கொடுத்தார். மூன்று பகடைகளை உருட்டினால் வரிசையைப் பொருட்படுத்தாமல் 56 வகையான விழுக்காடுகள் அமையும். அந்த 56க்கும் 56 நற்பண்புகளை வகுத்தார். அவற்றுள் முதலாவது அன்பு. மூன்று பகடையிலும் ஒன்று விழுந்தவருக்கு அன்பு கிட்டும்! கேட்கும்போது புன்னகை வரலாம். ஆயினும் அக்காலத்திலேயே ஓர் ஆயர் உட்கார்ந்து பகடையின் கணக்கைப் போட்டு, தன் குருக்களின் பொழுதுபோக்கை உள்ளிருந்து மாற்ற முனைந்தார் என்பது மதிக்கத்தக்கது. கைக்கருவி தீயது என்று அவர் முடிவு கட்டவில்லை.

திருச்சபையின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் சியன்னா நகர்ப் புனித பெர்னார்தீன் இத்தாலியின் ஊர்களில் சூதாட்டத்திற்கு எதிராக முழங்கினார். மக்கள் சீட்டுகளையும் பகடைகளையும் கொண்டுவந்து தீயிலிட்டனர். அப்போது சீட்டுகளுக்கு ஓவியம் தீட்டிப் பிழைத்துவந்த தொழிலாளி ஒருவர், தன் பிழைப்பு போயிற்றே என்று அவரிடம் அழுதாராம். இயேசுவின் திருப்பெயரை ஒளிக்கதிர்களோடு தீட்டி விற்கும்படி புனிதர் அவருக்கு வழி சொன்னார் என்பது வழிவழி வரும் கதை. எரிப்பதோடு நிற்காமல், எரிந்ததற்கு ஈடாகக் கைவினைஞருக்கு வேறொரு வேலையும் தந்தாரே, அந்தப் பகுதியை நாம் மறையுரைகளில் விட்டுவிடுகிறோம்.

விளையாட்டே ஆகாது என்று கருதுவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் புனித தாமஸ் அக்குவினாசைப் படிக்க வேண்டும். அளவோடு விளையாடுவது ஒரு நற்பண்பு என்கிறார் அவர். அளவு மிஞ்சுவது குற்றம். விளையாட்டே இல்லாமல் பிறர்க்குச் சுமையாக இறுகியிருப்பதும் குற்றமே. இதை நிறுவ அவர் புனித யோவானைப் பற்றிய பழங்கதையை எடுத்தாள்கிறார். சீடர்களோடு யோவான் விளையாடியதைக் கண்டு முகம் சுளித்தவர்களில் வில் வைத்திருந்த ஒருவனைத் தொடர்ந்து அம்பெய்யச் சொன்னார். ஓயாமல் எய்தால் வில் ஒடிந்துவிடும் என்று அவன் சொல்ல, மனித மனமும் அவ்வாறே என்றார் திருத்தூதர். மீண்டெழும் எருசலேமைச் செக்கரியா இறைவாக்கினர் வருணிக்கும்போது, தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையும் அந்நகர் பெறும் அமைதியின் அடையாளமாகச் சேர்த்துச் சொல்கிறார். நீதிமொழிகளில் ஞானம் இறைவன் திருமுன் மகிழ்ந்து விளையாடுகிறது. விளையாட்டும் அமைதியும் விவிலியத்தில் உறவினர்.

இனி நவீன காலத்திற்கு வருவோம். ஆடுபவருக்குத் தெரிவும் தந்து, விதிக்குள்ளேயே நீதியையும் வைக்க முயன்றவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. எலிசபெத் மேகி என்பது அவர் பெயர். நிலம் சிலர் கையில் குவிவதே வறுமைக்குக் காரணம் என்று எழுதிய ஹென்றி ஜார்ஜின் கொள்கையை ஏற்றவர். 1904இல் 'நிலக்கிழாரின் ஆட்டம்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். பின்னர் அதற்கு இருவகை விதிகளை அமைத்தார். ஒருவகையில், ஒருவர் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டு மற்றவரை ஓட்டாண்டியாக்குவது வெற்றி. மற்றவகையில், செல்வம் உருவாகும்போதெல்லாம் எல்லோரும் பயன் பெறுவர். ஒரே பலகையில் இரண்டையும் ஆடிப்பார்ப்பவர், எது நீதி என்று தாமே உணர்வர் என்று அவர் நம்பினார்.

நடந்தது வேறு. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. முதல்வகை விதி மட்டும் 'மொனாப்பலி' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அதை ஆக்கியவர் என்று வேறொருவர் பெயர் புகழடைந்தது. உண்மை வெளிவர 1970களில் நடந்த ஒரு நீதிமன்ற வழக்கு தேவைப்பட்டது. பம்பாயையும் கல்கத்தாவையும் விலைக்கு வாங்கி வீடு கட்டி வாடகை வசூலிக்கும் 'பிசினஸ்' ஆட்டத்தை நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆடுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பேராசைக்கு எதிராக எழுதிய பாடத்தின் பாதியைக் கிழித்துவிட்டு, எஞ்சிய பாதியைப் பேராசைக்கே பாடநூலாக்கிய கொடுமை இது. பலகை மாறவில்லை, காய்கள் மாறவில்லை. மாறியது விதி.

வீடியோ விளையாட்டின் தொடக்கத்திலும் இத்தகைய ஒரு முரண் உண்டு. வில்லியம் ஹிகின்பாத்தம் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமாசில் அணுகுண்டிற்கான மின்னணுக் கருவிகளை உருவாக்கும் பணியில் இருந்தார். போருக்குப்பின் அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் பணியில் முன்னின்றார். அமெரிக்க அறிவியலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவர்களுள் ஒருவர் அவர். 1958 அக்டோபரில் புரூக்கேவன் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த மக்களுக்கு அலுப்புத் தட்டாதிருக்க, அலைகாட்டித் திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் ஆட்டம் ஒன்றைச் செய்து வைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினர். அணு அழிவுக்கு அஞ்சிய ஒருவர் கையால் பிறந்த அவ்வாட்டத்தில் ஒரு பந்தும் ஒரு வலையும் மட்டுமே இருந்தன. நான்கே ஆண்டுகளில், 1962இல், மாசாச்சுசெட்சு தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் ஆக்கிய 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தத் தொடங்கின. அதன்பின் வந்த பெருவணிகம் அவ்வழியிலேயே நெடுந்தூரம் நடந்தது.

விளையாட்டு கற்பிக்கும் ஆற்றல் உடையது என்பதில் படைத்துறைக்கு ஐயம் எழுந்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிரசிய இராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பலகையில் போர் ஆடக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்க இராணுவம் 2002இல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்டு, இளைஞரைப் படையில் சேர ஈர்க்க 2022 வரை அதனை நடத்தியது. போரை விரும்புவோர் விதிகளை வடிக்க இத்துணை உழைக்கும்போது, அமைதியை விரும்புவோர் பெரும்பாலும் கண்டனத் தீர்மானங்களோடு நின்றுவிட்டோம்.

கண்டிக்க வேண்டியது கண்டிக்கப்படத்தான் வேண்டும். 2007ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையைப் போற்றும் வீடியோ விளையாட்டுகளைப் பெயர் சொல்லியே கடிந்தார். அதே வேளையில், துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவனெல்லாம் கொலைகாரன் ஆவான் என்று மேடையில் முழங்குவது உண்மைக்குப் புறம்பு. ஆய்வுகளைச் சீர்தூக்கிய அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்துதல், தள்ளுதல் போன்ற சிறிய அளவிலான முரட்டு நடத்தையோடு இவ்வாட்டங்களுக்குத் தொடர்பு உண்டு என்றும், கொடிய குற்றங்களுக்கு இவற்றைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. 2025 செப்டம்பரில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற கார்லோ அக்குதிஸ் வீடியோ விளையாட்டுகளை விரும்பி ஆடியவர்தாம்; வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார்.

நம் சிறுவர் பலர் கைப்பேசியில் ஆடிய 'பப்ஜி' விளையாட்டின் விதியைச் சற்று நோக்குவோம். நூறு பேர் ஒரு தீவில் குதிப்பர். கடைசியாக உயிரோடு எஞ்சுபவரோ, எஞ்சும் அணியோ வென்றது. 'சிக்கன் டின்னர்' கிடைத்தது என்று குதூகலிப்பர். ஒதுக்குப்புறமாகப் போய் யாருக்கும் இடையூறின்றி வாழ்ந்துவிடலாமா? முடியாது. பாதுகாப்பான வட்டம் நேரம் செல்லச் செல்லச் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவர் மடிவர். அமைதியாயிருக்க விரும்புகிறவரையும் விதியே இழுத்துக்கொண்டுவந்து துப்பாக்கி முனையில் நிறுத்தும். தாயக்கட்டத்தின் வெட்டு விதி இங்கே தன் முழு வடிவத்தை எய்திவிட்டது. நடுவண் அரசு 2020 செப்டம்பரில் இதனைத் தடை செய்ததும் உண்மை. ஆனால் அத்தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. சுருங்கும் வட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2021இல் இந்தியாவிற்கென்று வேறு பெயரில் அது வந்தபோதும் வட்டம் சுருங்கவே செய்தது.

இதற்கு மாற்றாக விதியை வடித்தவர்கள் யார்? முதலில், கணினி இல்லாமலே அதைச் செய்துகாட்டிய பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சார்ந்த ஜான் ஹண்டர், இந்தியா முதலிய நாடுகளில் பயணம் செய்து அகிம்சை நெறியில் ஈடுபாடு கொண்டவர். 1978இல் தம் வகுப்பறையில் 'உலக அமைதி விளையாட்டு' என்பதனைத் தொடங்கினார். சிறுவர்கள் தனித்தனி நாடுகளின் தலைவர்கள். எல்லைத் தகராறு, தண்ணீர்ப் பஞ்சம், இனப்பகை என்று ஒன்றோடொன்று பின்னிய சிக்கல்கள் ஏராளம். வெற்றி எப்போது? சிக்கல்கள் யாவும் தீர்ந்து, ஒவ்வொரு நாடும் தொடங்கியபோது இருந்ததைவிடச் செழிப்பாக இருக்கும்போது மட்டுமே. ஒரு நாடு நொடித்தாலும் அனைவருக்கும் தோல்வி.

அதே நுட்பம் 2007இல் வெளிவந்த 'பீஸ்மேக்கர்' என்ற கணினி விளையாட்டிலும் உண்டு. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது அது. ஆடுபவர் இசுரயேலின் பிரதமராகவோ பாலத்தீனத்தின் தலைவராகவோ அமரலாம். ஒரு குண்டுவெடிப்பு நிகழும். மறுமொழி அவர் கையில். தன் மக்களை மட்டும் மகிழ்வித்தால் தோற்பார், எதிர்த்தரப்பை மட்டும் மகிழ்வித்தாலும் தோற்பார். ஆங்கிலம், எபிரேயம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் அது வெளிவந்தது. பக்கம் மாறி இரண்டாம் முறை ஆடும்போது, நேற்றைய பகைவனின் நாற்காலியில் தானே உட்கார வேண்டியிருக்கும். பகைவரை அன்பு செய்யுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளைக்கு இது ஒரு சிறு பயிற்சிக்களம். ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். எந்த விளையாட்டும் அதைத் தடுத்துவிடவில்லை.

வேறு சிலர், வெல்வதை விட்டுவிட்டு, துன்புறுவோரின் இடத்தில் நம்மை நிறுத்தினர். 2006இல் வெளிவந்த சூடான் நாட்டுத் தார்பூர் பற்றிய விளையாட்டில், அகதி முகாமிலிருந்து தண்ணீர் எடுக்க யாரை அனுப்புவது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். வளர்ந்த ஆணைத் தெரிவு செய்தால், அவனை அனுப்ப முடியாது, ஆயுதப்படை கொன்றுவிடும் என்று திரை நம்மைத் திருப்பி அனுப்பும். எனவே பெண்ணையோ பிள்ளைகளில் ஒருவரையோதான் அனுப்ப வேண்டும். போலந்து நாட்டவர் 2014இல் உருவாக்கிய 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டில் நாம் போர்வீரர் அல்லர். 1990களில் சரயேவோ மக்கள் பட்ட பாட்டைப்போல, முற்றுகைக்குள் சிக்கிய நகரத்தில் பசியோடும் குளிரோடும் ஒளிந்திருக்கும் எளியவர்கள். மருந்துக்காக ஒரு முதியவர் வீட்டில் திருடலாம். ஆனால் திருடியவன் மனம் உடைந்து படுத்துவிடுவான். மனச்சான்றையே விதியாக்கிய விளையாட்டு அது. 2020இல் போலந்து அரசு அதனைப் பள்ளி மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

இவர்கள் யாவரினும் என் உள்ளத்தைத் தொட்டவர் லுவால் மாயென். தென் சூடானிய அகதி. உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிய பெற்றோருக்கு வழியிலே பிறந்து, உகாண்டாவின் அகதி முகாமில் வளர்ந்தவர். மகன் கணினி வேண்டுமென்று கேட்டபோது தாய் மூன்றாண்டுகள் காசு சேர்த்து, 300 டாலருக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். மின்சாரத்திற்கு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். தாமே கற்று அவர் ஆக்கிய விளையாட்டின் பெயர் 'சலாம்'. அரபு மொழியில் அமைதி. அதில் ஆடுபவர் குண்டுகளுக்குத் தப்பி, நீர் தேடி, அமைதியான நிலத்தை நோக்கி ஓடும் ஓர் அகதி. ஆயுதம் கிடையாது. போரில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர், ஆயுதமின்றி ஓர் ஆட்டத்தை வடித்தார். போரைக் கண்ணாலும் காணாத நாடுகளிலோ ஆயுதம் இல்லாத ஆட்டம் விலைபோகாது என்கிறார்கள்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. கொல்கத்தாவைச் சார்ந்த புகைப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால், கடத்தப்பட்டு விற்கப்படும் சிறுமியரின் நிலையை உணர்த்த 'மிஸ்சிங்' என்ற கைப்பேசி விளையாட்டை 2016இல் வெளியிட்டார். புதுதில்லியில் 2012இல் தொடங்கப்பெற்ற, மகாத்மா காந்தி பெயர் தாங்கிய யுனெஸ்கோ நிறுவனம், அமைதிக்கும் நிலைத்த வளர்ச்சிக்குமான விளையாட்டு வடிவமைப்புப் போட்டி நடத்தி, 2017இல் 'வேர்ல்டு ரெஸ்கியூ' என்ற விளையாட்டைக் கொணர்ந்தது. நம் மாநிலத்திலோ, இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டோரின் அவலமே முன்னே நின்றது. 2022இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. கூடவே கல்வி சார்ந்த, சமூகம் சார்ந்த விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் வழி வகுக்கிறது. முதற்பகுதியை எல்லோரும் பேசினோம். இரண்டாம் பகுதியை ஆயர் விபோல்டு பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இவ்விடத்தில் நம் அண்டையில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். சின்னாளபட்டிக்கு அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையத்தில், மாணவருக்குப் படைப்பயிற்சிக்கு மாற்றாகச் சாந்தி சேனை என்ற அமைதிப்படைப் பயிற்சி இடம்பெற்றது. அணிவகுப்பு உண்டு, ஒழுங்கு உண்டு, கட்டளைக்குச் செவிசாய்த்தல் உண்டு. துப்பாக்கி மட்டும் இல்லை. கலவரம் மூண்ட இடத்திற்கு வெறுங்கையோடு செல்ல உடலும் மனமும் பழக வேண்டும் என்பதே நோக்கம். படையின் வடிவத்தைத் தூக்கி எறியாமல், அதன் விதியை மட்டும் மாற்றினார்கள். வீடியோ விளையாட்டு என்ற சொல்லே பிறவாத நாளில் நம் மண்ணில் நடந்த வடிவமைப்பு இது. வாளைக் கலப்பைக் கொழுவாக அடித்து மாற்றுவதைப் பற்றி எசாயா கண்ட காட்சியிலும், இரும்பு அதே இரும்புதான்.

நம் பங்குகளில் இன்று கணினிப் பொறியியல் படித்த, படிக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. அவர்களில் சிலரோடு இதைப் பேசி வருகிறேன். நம் சமவெளிக்கென்று ஒரு விளையாட்டை வடித்தால் அது எதைப் பற்றியதாக இருக்கும் என்று கேட்டேன். கண்மாய்த் தண்ணீர் என்றனர் ஒரே குரலில். மழை குறைந்த ஆண்டு, ஒரு கண்மாய், தலைமடை முதல் கடைமடை வரை வெவ்வேறு சாதியார், வெவ்வேறு சமயத்தாரின் வயல்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடை. கடைசி வயல் நனைந்தால்தான் ஆட்டம் வெற்றி என்று விதி எழுதலாம் என்றேன் நான். ஓர் இளைஞர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சாமி, தலைமடைக்காரன் வயல் முதல் நாளே நனைஞ்சிடுமே. அதுக்கப்புறமும் அவன் எழுந்து போகாம உட்கார்ந்து ஆட, நாம என்ன வைக்கப் போறோம்?" என்று கேட்டார். அந்த இடத்தில் எங்கள் வரைவு இப்போது நிற்கிறது.